வெயில் வாங்கித் தந்தவர்களுக்கும் விறகு காயவைத்தவர்களுக்கும்

எமரால்டு, மஞ்சூர், குன்னூர், கோவை என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும் உறவுகளுக்கு வணக்கம். வெயில் சுவரும் விறகடுப்பும் அமைக்க நீங்கள் உதவியதால் எங்கள் வீடு இப்போது கதகதப்பாக இருக்கிறது. தனித்தனியாக வந்து சொல்ல ஆசைதான், தேயிலை வேலை விடவில்லை. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

மலைக்குக் கீழே இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் குளிர் இரண்டு வகை. டிசம்பர், ஜனவரியில் வானத்தில் மேகம் இருக்காது. ராத்திரியில் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விடும், விடிந்தால் ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஆனால் அதே தெளிந்த வானம் பகலில் நல்ல வெயிலும் தரும். ஜூனில் வருவது வேறு குளிர். மழை, காற்று, மூடுபனி. நாள்கணக்கில் சூரியன் தலைகாட்டாது, துணி காயாது, கரண்ட்டும் இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் ரூம் ஹீட்டர் வைத்திருந்து யாருக்கு என்ன பயன்?

பனிக்கு வெயில், மழைக்கு விறகு என்று பிரித்துக் காட்டியவர் எங்கள் ராணுவச் சித்தப்பா. வெல்லிங்டனில் பயிற்சி முடித்து லடாக்கில் லே வரை போய்வந்தவர். அங்கே வீடுகளில் பார்த்த, வெயில் சூட்டைப் பிடித்துவைக்கும் ட்ரோம்ப் சுவரை டீக்கடை பெஞ்சிலேயே வரைந்து காட்டினார். தெற்குச் சுவருக்குக் கறுப்பு பெயின்ட், அதற்கு நாலு அங்குலம் தள்ளிக் கண்ணாடி, சுவரின் அடியிலும் மேலேயும் ஓட்டைகள். இடையில் சூடான காற்று மேல் ஓட்டை வழியாக அறைக்குள் வரும், குளிர்ந்தது அடி ஓட்டை வழியாகத் திரும்பிப் போகும். 9 அங்குலச் செங்கல் சுவருக்குள் ஏறிய சூடு மறுபக்கம் வந்து சேர ஆறேழு மணி நேரமாவது ஆகும், அதாவது சரியாக இருட்டிய பிறகு. அமெரிக்காவில் எட்வர்டு மோர்ஸ் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிரான்சில் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் வீடு கட்டிக் காட்டியது 1967-ல். பேர் என்னவோ பின்னவருக்குத்தான் போனது! இருவருக்கும் ஒரு கும்பிடு.

கோவையில் கட்டடக்கலை படிக்கும் தங்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். லடாக்கில் செய்ததை அப்படியே செய்தால் பாதிதான் கிடைக்கும் என்று தடுத்தது அவள். டிசம்பர் நடுப்பகலில் லேயில் சூரியன் 32 பாகை உயரத்தில்தான் நிற்கும், நமக்கு 55. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் வெயிலை, கூரை 2 அடி நீண்டிருந்தாலே போதும், சுவரில் கிட்டத்தட்ட 3 அடிக்கு மறைத்துவிடும். "முதலில் கூரைத் தகரத்தை வெட்டுங்கண்ணா, கண்ணாடியை அப்புறம் வாங்கலாம்" என்றாள். வெயில் காலத்தில் வீடு வெந்துவிடாதா என்று அம்மா கேட்டதற்கும் அவளிடம் பதில் இருந்தது: ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கு வரை நம் ஊர் உச்சிப்பொழுதுச் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும், தெற்குக் கண்ணாடிக்கு அப்போது வேலையே இல்லை.

கொத்தனார் மாமா பழைய ஜன்னல் கண்ணாடிகளைத் தேடிப் பிடித்து வந்தார். ராத்திரியில் காற்று எதிர்ப்பக்கமாக ஓடி அறையைக் குளிரவைக்கும் என்று ஓட்டைகளுக்கு மூடியும் போட்டுக் கொடுத்தார்.

விறகடுப்புக்கு வெல்டிங் அண்ணன். 5 மில்லிமீட்டர் தகடு, உள்ளே சூடு தாங்கும் தீச்செங்கல், கதவு விளிம்பில் கண்ணாடி நார்க் கயிறு. அடுப்பைத் தொடும் முன்பே புகைக்குழாயைத்தான் முடித்தார். மூடிய அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்கள் பற்றிய செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதனால் குழாய் 6 அங்குல அகலம், மரக் கூரையைத் தாண்டும் இடத்தில் இரட்டைக் குழாய், வெளியே கூரைக்கு மேல் 3 அடி. ஒன்றிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறோம்.

விறகு விஷயத்தில் எதிர்வீட்டுப் பாட்டிதான் கடைசி வார்த்தை. சீகை (வாட்டில் மரம்) நின்று எரியும், நல்ல தணல் விடும். கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் கோடாலி இறங்காது. பற்றவைக்கத் தேயிலைக் கவாத்துக் குச்சி. இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், குழாயிலும் தார் படியும். சொந்த நிலத்து மரத்தையும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 1955-ஆம் வருட மலைப்பகுதி மரச் சட்டம் இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்த வாத்தியாருக்கும் நன்றி.

உள்ளதைச் சொல்கிறேன், சுவர் மட்டும் போதாது. ஜனவரியில் சாயங்காலம் கொஞ்ச நேரமாவது அடுப்பு மூட்டத்தான் வேண்டும். மழைக்காலத்தில் முழுக்க விறகுதான், அதன் மேலேயே குளிக்கத் தண்ணீரும் காய்ந்துவிடுகிறது.

கதவுக் கயிறும் சில தீச்செங்கல்லும் மிச்சம் இருக்கின்றன. யாருக்காவது அடுப்பு போடும் எண்ணம் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும் மழைக்கு வேண்டிய விறகை இந்தப் பனிக்காலத்திலேயே பிளந்து அடுக்கிவிடுங்கள், பாட்டி கேட்பார்.