நாலாவது கீல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. நீ கணினி மாடலில் போட்ட பழைய பாலத்தின் கல் வளைவில், அடிப்புறம் முழுக்க இழுவையைக் காட்டும் சிவப்பாகத் தெரிகிறதே என்று பதறாதே. சாந்து இழுவையைத் தாங்கும் என்று நீ மாடலுக்குச் சொல்லிவிட்டாய். அதுவும் நம்பிக்கொண்டு, இல்லாத இழுவையைக் காட்டுகிறது. நிஜத்தில் கற்களுக்கு இடையிலான அந்த இணைப்பு திறந்துகொள்ளும், உந்துவிசை, அதாவது கல்லைக் கல் அழுத்தும் விசை, வேறு வழியாகப் போகும்.

1966-ல் பொறியாளர் ஹேமன் கல் கட்டுமானத்துக்கு வைத்த மூன்று அனுமானங்களிலிருந்து தொடங்கு: கல் இழுவை தாங்காது, நசுங்காது, வழுக்காது. அந்த விசை போகும் பாதையான உந்துவிசைக் கோடு வளைவின் கனத்துக்குள் எப்படியாவது அடங்கிவிட்டால் வளைவு நிற்கும். கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் கீல்; அங்கே வளைவு கதவுக் கீல் போலத் திரும்பும். தாங்கு சுவர் சில மில்லிமீட்டர் விலகினாலே மூன்று கீல் வந்துவிடும்; அதனால் மட்டும் வளைவு விழுந்துவிடாது. நாலாவது கீலுக்குத்தான் பயப்படணும்; அது வந்தால் வளைவு மடிந்து விழும்.

ஆகவே வளைவை நாற்பது விறைப்பான கட்டைகளாகப் பிரித்து, வரம்பு நிலைப் பகுப்பாய்வு செய்; அதாவது விழும் தறுவாயில் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிடு. வண்டியின் அச்சுச் சுமையைப் பாலத்தின் மேல் சிறு சிறு அடியாக நகர்த்திப் பார். பெரும்பாலும் ஸ்பானின், அதாவது வளைவு தாண்டும் தூரத்தின், கால் பகுதியில்தான் தாங்குதிறனுக்கு மிகக் குறைந்த எண் வரும். கட்டுமானத்துக்குக் கன மீட்டருக்கு 23 கிலோநியூட்டன், நிரப்பு மண்ணுக்கு 18 என்று தொடங்கலாம்.

நசுங்காது என்ற அனுமானத்தைப் பிறகு தளர்த்து. ஒரு மீட்டர் அகலத்துக்கு 400 கிலோநியூட்டன் உந்துவிசை, கட்டுமான வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் என்றால் கீலில் 80 மில்லிமீட்டர் பட்டை முழுக்க அழுந்துகிறது. விசை அந்தப் பட்டையின் நடுவில், அதாவது விளிம்பிலிருந்து 40 மில்லிமீட்டர் உள்ளே. மேலும் கீழுமாக 450 மில்லிமீட்டர் கனத்தில் 80 போயிற்று.

உண்மையான வில்லங்கம் அந்தக் கனத்தில்தான். முகப்புக் கல்லை அளந்து 600 என்று போட்டிருக்கிறாய். உள்ளே 450-தான் இருக்கலாம். முகப்பைத் தடிமனாகக் காட்டுவது பழைய கொத்தர்களின் வழக்கம். உச்சியில் கனமும் மண் ஆழமும் சேர்ந்த கூட்டுத்தொகையின் வர்க்கத்தில்தான், வளைவுப் பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும் மெக்ஸி சூத்திரத்தின் சுமையே போகிறது. மண் 300 என்றால் 900-க்குப் பதில் 750. தாங்குதிறனில் 30 சதவீதம் போய்விடும். உச்சி, கால் பகுதி, அடி மூன்றிலும் துளை போட்டுப் பார்க்காமல் நம்பாதே. வடிவத்தையும் வட்டம் என்று எடுத்துக்கொள்ளாமல், ஸ்கேன் புள்ளிகளை அப்படியே மாடலில் ஏற்று. தொய்ந்த வளைவு வட்டமாக இருக்காது.

செங்கல் வளைவு என்றால் இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்கல் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று சுத்தியலால் தட்டிப் பார். பொள்ளலாகக் கேட்டால் வளையத்தைத் தனித்தனியாக மாடலில் வை; ஒரே கனமாக வைத்தால் கிடைக்கும் எண் பொய்.

வளைவின் பின்பக்கம் நிரப்பிய மண்ணின் முழு எதிர்ப்பையும் கணக்கில் எடுக்காதே. அதைத் திரட்ட வளைவு கணிசமாக அசைய வேண்டும். அந்த எதிர்ப்பைப் பாதியில் வைத்து ஒன்று, சுழியத்தில் வைத்து ஒன்று என மாடலை இரண்டு ஓட்டம் ஓட்டு. இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த மண்ணைத் தோண்டிப் பார்க்கணும்.

துளை அளவுகள் வந்ததும் அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்