காஸ்டிக் கரைக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர், ஈரோடு வட்டாரச் சாயப்பட்டறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் அது பெரும்பாலும் கழிவுநீரைப் பற்றியதாகவே இருக்கிறது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் அதில் எனக்குக் குறையேதும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி ஏட்டை விட்டு இறங்கி நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஆலையின் வாயிலைத் தாண்டிப் போகும் நீரை அளக்க இத்தனை கருவிகளும் இத்தனை அதிகாரிகளும் இருக்கையில், உள்ளே காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றும் தொழிலாளியின் கண்ணுக்கும் கைக்கும் என்ன காவல் இருக்கிறது என்று கேட்பார் இல்லை. இருபத்தேழு ஆண்டுகள் பிளீச்சிங் பிரிவிலும் சாயப் பிரிவிலும் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குக் கடமை உண்டு என நினைக்கிறேன்.

பாடநூலில் சோடியம் ஹைட்ராக்சைடு என்றும் எரிசோடா என்றும் குறிப்பிடப்படும் பொருளைத்தான் பட்டறையில் காஸ்டிக் என்கிறோம். மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி இதைத் தயாரிக்கிறார்கள். வெள்ளைச் சில்லுகளாக மூட்டையிலும், ஏறக்குறைய பாதிக்குப் பாதி செறிவுள்ள கரைசலாக டேங்கர் லாரியிலும் இது வந்து இறங்குகிறது. பின்னலாடைத் துணியில் உள்ள இயற்கை மெழுகையும் பிசுக்கையும் நீக்குவதற்கும், நெய்த பருத்தித் துணிக்கு மெர்சரைசிங் செய்து பளபளப்பு ஏற்றுவதற்கும் இது இல்லாமல் முடியாது. ஆகவே இதைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்க வரவில்லை.

இதன் ஆபத்து எத்தகையது என்பது இதைக் கையாளுகிறவர்களுக்கே சரியாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆசிட் என்றால் எல்லோரும் அஞ்சுகிறார்கள். காஸ்டிக்கைத் துணி சோடாவின் அண்ணன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பல நேரங்களில் காஸ்டிக் போன்ற காரம், ஆசிட் எனப்படும் அமிலத்தைக் காட்டிலும் ஆழமாகப் புண்ணாக்கும். அமிலம் பட்ட இடத்தில் தோலின் புரதம் கட்டிப்பட்டு ஒரு பொருக்குப் போலாகி, அமிலம் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கிறது. காரமோ திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தையும் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகிறது. காஸ்டிக் தண்ணீர் விரலில் பட்டால் ஏற்படும் வழவழப்பைச் சோப்பு நுரையின் வழவழப்பு என்று புதிய பையன்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு வகையில் அவர்கள் சொல்வது சரிதான். சோப்பாகிக்கொண்டிருப்பது அவர்களுடைய தோல். எரிச்சல் உடனே தெரியாமல் சற்றுப் பொறுத்தே தெரிவதும் உண்டு என்பதால், வலிக்கவில்லையே என்று கழுவாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது சூடு. ஒரு கிலோ சில்லு நீரில் கரையும்போது வெளிப்படும் வெப்பம், மூன்று லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதனால்தான் குளிர்ந்த நீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும் என்பதும், சில்லின்மேல் நீரை ஊற்றவே கூடாது என்பதும் முதல் பாடமாக இருக்க வேண்டும். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் எடுப்பது அதைவிட மோசமான பழக்கம். பாத்திரத்திலும் கவனம் வேண்டும். அலுமினியப் போசியிலோ துத்தநாகம் பூசிய தகர வாளியிலோ காஸ்டிக்கைக் கரைத்தால், அந்த உலோகத்தை அது அரிப்பதோடு, தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகும். பிளாஸ்டிக் வாளிதான் ஏற்றது. அதுவும் சூட்டில் நெளியாத தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன சமயத்தில், ஒரு பட்டறையின் இரவுப் பணியில் நடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. முந்தைய பணியில் இருந்தவர்கள் வாளியின் அடியில் விட்டுப்போன சில்லு ஈரம் குடித்துக் கல்லாக இறுகியிருந்தது. அதைக் கரைக்க ஓர் இளைஞர் இயந்திரத்திலிருந்து பிடித்த வெந்நீரை அதன்மேல் ஊற்ற, மறு நொடியில் அது பொங்கி முகத்தில் அடித்தது. அருகில் இருந்த குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மேல்தொட்டி காலி, மோட்டார் அறையின் சாவி காவலாளியிடம். ஒருவர் தேங்காய் எண்ணெய் தேடினார், இன்னொருவர் எலுமிச்சம்பழம் என்றார், கண்ணில் தாய்ப்பால் விட வேண்டும் என்று சொன்னவரும் உண்டு. கடைசியில் அவரை மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து, இருபத்தைந்து நிமிடப் பயணத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் கழுவினீர்கள்?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. அந்த இளைஞருக்கு ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. பாத்திரம் கழுவாமல் விட்டவர்களும், சொல்லிக்கொடுக்காத நானும், காலித் தொட்டியும் சேர்ந்து செய்த காரியம் அது.

காரம் கண்ணில் பட்டால் சில நிமிடங்களிலேயே கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடக்கூடும். அந்தச் சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஒரே வைத்தியம் தண்ணீர். இமையை விரலால் விரித்துப் பிடித்து, உள்ளே ஒட்டியிருக்கும் துகளும் வெளியேறும்படி, ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கழுவிய பிறகே வண்டி தேட வேண்டும். வண்டியிலும் பாட்டில் நீரால் கழுவிக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் காரத்தை முறிக்கப் பார்ப்பது புண்ணின் மேல் இன்னொரு புண்ணை உண்டாக்கும். உடம்பில் கொட்டினால் நனைந்த சட்டையையும் செருப்பையும் உடனே கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். கூச்சம் பார்த்து ஈரச் சட்டையோடு நின்றவர்களுக்கு முதுகு வெந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது, ஏனென்றால் இறங்கும்போது சுட்ட தொண்டையை அது ஏறும்போது இரண்டாம் முறை சுடும்.

காஸ்டிக், ஆசிட் போன்றவற்றைக் கையாளும் இடத்திலிருந்து பத்து விநாடி நடைக்குள் கண் கழுவும் குழாயும் அவசரக் குளியல் குழாயும் இருக்க வேண்டும் என்பதும், அவற்றில் பதினைந்து நிமிடம் தடையின்றி நீர் வர வேண்டும் என்பதும் பல நாடுகளின் தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் அளவுகோல். நிமிடத்துக்கு 75 லிட்டர் கொட்டும் குளியல் குழாய்க்குப் பதினைந்து நிமிடத்தில் சுமார் 1,100 லிட்டர் தேவைப்படும். ஒரு கிலோ துணிக்கே பல பத்து லிட்டர் நீரைச் செலவிடும் தொழிலில் இது பெரிய அளவா? அந்த நீருக்கெனத் தனித் தொட்டி, எப்போதும் நிரம்பியதாக, நிழலில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் யாரும் பதினைந்து நிமிடம் கண்ணைக் காட்ட முடியாது.

கவச உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் கையுறையையும் தோல் செருப்பையும் காஸ்டிக் தின்றுவிடும். ரப்பர் அல்லது பி.வி.சி. கையுறையும் கம்பூட்ஸும்தான் பயன்படும். கால்சட்டையைப் பூட்ஸுக்குள் சொருகக் கூடாது, அதற்கு வெளியே தொங்கவிட வேண்டும்; இல்லாவிட்டால் வழிந்த கரைசல் பூட்ஸுக்குள் தேங்கிக் காலை அரிக்கும். வெயிலுக்குப் போடும் கண்ணாடி போதாது, முகத்தோடு பொருந்தி நாற்புறமும் மூடிய கண்ணாடி வேண்டும். இவை பல பட்டறைகளில் வாங்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வு நாளன்று அலமாரியிலிருந்து வெளியே வருகின்றன.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் கண் பாதுகாப்புக்கென்றே 35-ஆவது பிரிவு எழுதப்பட்டது. போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் வந்த திருத்தம், தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. சட்டங்கள் இப்போது தொகுப்புகளாகிப் புதுப் பெயர் பெற்றாலும் அந்தக் கடமை மாறிவிடவில்லை. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மூட்டை பிரிக்கும் இளைஞருக்கு, மூட்டையின் ஆங்கில எச்சரிக்கையும் சுவரில் நாம் எழுதிய தமிழ் எச்சரிக்கையும் ஒன்றுதான். இரண்டையும் அவரால் படிக்க முடியாது.

ஆகவே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தினரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சாயப்பட்டறை ஆய்வுக்குப் போகும் அலுவலர், பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் காஸ்டிக் கரைக்கும் இடத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு குழாய் வரை நடந்து பார்க்க வேண்டும். கண்ணில் காரம் பட்டவன் அப்படித்தான் நடப்பான். குழாயைத் திறந்து பதினைந்து நிமிடம் நீர் வருகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துச் சோதிக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும், எழுத்து அறியாதவர்களுக்காகப் படமாகவும் வைக்கச் சொல்ல வேண்டும். சாயப்பட்டறை உரிமையாளர் சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒன்றுகூடிப் பணம் போட்டவர்களுக்கு, ஆளுக்கொரு தொட்டியும் குழாயும் வைப்பது முடியாத காரியம் அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயப்பட்டறை மேற்பார்வையாளர்,
அவிநாசி.