மேல் பிளக்கை முதலில் கழற்று

அன்புள்ள மாப்ளே,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்பு, நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இன்று அதை மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: பிக்கப்புக்கு ஒரே பெரிய கேனாக ஜிஎல்-5 தர கியர் ஆயில் வாங்கிவிட்டாயாம், டிஃபரன்ஷியலுக்கும் (இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆக்சில் நடுப் பெட்டி) கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றி வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே மாற்றப்போகிறாயாம். நீயே மாற்றுவது ரொம்பச் சரி. அந்த ஒரே கேன்தான் சரியில்லை. அதன் மூடியைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று மேஸ்திரி ஒரு பழைய ஹவுசிங்கைப் பிரித்துக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? பினியன் நேர் நடுவில் இருக்காது, கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும். அதுதான் ஹைப்பாய்டு அமைப்பு. அப்படித் தள்ளி வைத்திருப்பதால் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்று அழுத்திக்கொண்டே வழுக்குகின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் நிற்காது, பிதுங்கிப் போய்விடும். அதனால்தான் ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் நிறைய இருக்கிறது. உராயும் இடத்துச் சூட்டில் அது எஃகோடு வினை புரிந்து மேலே மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. தேய்வது அந்தத் தோல்தான், பல் தப்பிக்கிறது. கியர் ஆயிலுக்கு அந்த அழுகிய முட்டை வாசனை வருவதும் இதனால்தான்.

இதே குணம் கியர்பாக்ஸில் தலைகீழாக வேலை செய்யும். மேனுவல் கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் இருக்கும். நீ கியர் மாற்றும்போது அந்த ரிங் பக்கத்துக் கூம்பைக் கவ்விப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். கவ்வுவதுதான் அதன் ஒரே வேலை. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் அது எப்படிக் கவ்வும்? கியர் 'கர்' என்று கடிக்கும். அதோடு, சூடேறிய நிலையில் அந்தக் கந்தகச் சேர்மானம் பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கக்கூடியது. இப்போது வரும் சில ஜிஎல்-5 எண்ணெய்களில் அரிப்பு குறைவுதான், ஆனால் வழுக்கல் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு ஒரு படி கீழான தரம் ஜிஎல்-4, அந்தச் சேர்மானம் அதில் ஏறக்குறைய பாதிதான். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 மட்டுமே. '5 பெரிய எண், ஆகவே உசத்தி' என்ற கணக்கு இங்கே செல்லாது. சில வண்டிகளின் கியர்பாக்ஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), சிலவற்றுக்கு எஞ்சின் ஆயில்கூடச் சொல்லியிருப்பார்கள். எனவே கையேட்டை எடுத்துப் பார்க்காமல் எதையும் ஊற்றாதே. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தனிக் கதை, அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

நீ வாங்கிய கேன் வீண் இல்லை. அதைப் பின் டிஃபரன்ஷியலுக்கு வைத்துக்கொள், எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் மட்டும் பொருந்துகிறதா பார். பெரும்பாலும் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90, எப்போதும் பாரம் இழுக்கும் வண்டிக்குச் சில இடங்களில் 85டபிள்யூ-140. இந்த 90ஐ எஞ்சின் ஆயில் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதே. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலின் 90, கனத்தில் எஞ்சின் ஆயிலின் 40, 50க்குப் பக்கத்தில்தான் வரும். இன்னொன்றும் பார்த்துக்கொள்: உன் வண்டியில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலா (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் வகை)? ஆமென்றால் அதற்கென்று உள்ள எண்ணெய், அல்லது உராய்வைச் சரிசெய்யும் சேர்மானம் தனியாக வேண்டும். அது இல்லாமல் ஊற்றினால் வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் அதிர்ந்து உறுமும்.

இனி வேலைக்கு வருவோம். நீ ஸ்பேனரைக் கையில் எடுத்தால் எது முதலில் உடையும் என்று எனக்குத் தெரியும். பம்ப் போல்ட்டை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே இதை மட்டும் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்: எண்ணெய் ஊற்றும் துளையின் திருகு மூடியான மேல் பிளக்கை முதலில் கழற்று. அது கழன்று கைக்கு வந்த பிறகுதான் கீழே வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். கீழ் பிளக்கைத் திறந்து எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டாய், மேல் பிளக் துருப்பிடித்து அசைய மறுக்கிறது என்று வை. காலி டிஃபரன்ஷியலோடு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மேல் பிளக் வரவில்லையா, வேலையை அங்கேயே நிறுத்து. பழைய எண்ணெய் உள்ளே இருக்கிறது, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம்.

பிளக் பல வண்டிகளில் 24 மி.மீ. அறுகோணம். சிலவற்றில் ஆலன் கீ பள்ளம் அல்லது அரை அங்குலச் சதுரப் பள்ளம் இருக்கும். ஆறு முனை சாக்கெட்டைத்தான் போடு. பன்னிரண்டு முனை போட்டால் ஓரம் மழுங்கிவிடும். பள்ளமாக இருந்தால் உள்ளே அப்பியிருக்கும் மண்ணை ஆணியால் தோண்டி எடுத்து, சாக்கெட்டைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி உள்ளே இறக்கு. பாதி ஏறிய சாவியை நெம்பித்தான் முக்கால்வாசி பிளக்குகள் கெட்டுப்போகின்றன. கழற்றும் முன் பிளக்கைச் சுற்றி பிரஷ் போட்டுத் துடைத்துவிடு, இல்லையென்றால் அந்த மண் நேராக உள்ளே விழும்.

தொடங்கும் முன் வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓட்டு. சூடான எண்ணெய்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் ஊற்றும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. வண்டி சாய்ந்தால் அளவும் சாயும்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதே. பிக்கப் உயரமான வண்டி, தரையில் நிற்கும்போதே நீ அடியில் நுழைய இடம் இருக்கும். இருந்தால் தூக்கவே வேண்டாம். தூக்கத்தான் வேண்டும் என்றால் சமமாகத் தூக்கி நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடு. கியரில் போட்டிருக்கிறேன், நகராது என்று நினைக்காதே. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரத்தைக் கியர் பிடித்து வைக்காது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் அதுவும் அந்தரத்தில்தான். தூக்கும் முன்பே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. நீ மட்டும் தனியாகச் செய்யாதே, தம்பியையும் கூட நிற்க வை.

கீழ் பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் நேர்கீழே விழாது, ஒரு சாண் முன்னால் பீய்ச்சும். பாத்திரத்தை அதற்குத் தக்கபடி வை, கையுறை போட்டுக்கொள். இருபது நிமிடம் வடியட்டும். அதற்குள் பிளக்கின் காந்தத்தைப் பார். மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு அப்பியிருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டுப் போகலாம். விரலுக்குள் நெருடும் செதிலோ, பல்லின் வடிவம் தெரியும் துண்டோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. புது எண்ணெய் அதற்கு மருந்தாகாது. கியர்பாக்ஸ் எண்ணெயில் தங்க நிறத்தில் மின்னினால் அது சிங்க்ரோ ரிங் தேய்ந்த பித்தளைத் தூள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, எண்ணெயை வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உன் வண்டி வெள்ளத்தில் இறங்கி ஏறியதாக எழுதியிருந்தாயே, எனக்கு அதில்தான் கவலை. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும். ஆக்சில் குழாய்க்கு மேல் சின்ன மூடி மாதிரி இருப்பதுதான் பிரீதர், சில வண்டிகளில் ரப்பர் குழாயில் மேலே கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அதை விரலால் திருகிப் பார். மண் அடைத்துக் கெட்டியாகிவிட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பின்சக்கரத்துப் பக்கம் கசிந்தால் நேராக பிரேக் லைனிங்கில்தான் இறங்கும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை இது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

சில ஆக்சில்களில் வடிக்கும் பிளக்கே இருக்காது. பின்மூடியைக் கழற்றத்தான் வேண்டும். மேல் போல்ட் ஒன்றை மட்டும் இரண்டு மரை விட்டுத் தொங்கவிட்டு, மற்றவற்றைக் கழற்றி, கீழ்ப்பக்கமாக மூடியை நெம்பு. பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, புது சிலிக்கானை இடைவெளி இல்லாத ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உட்பக்கமாகப் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கு. ட்யூபில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து பிறகு எண்ணெய் ஊற்று.

கீழ் பிளக்குக்குப் புது வாஷர். செம்போ அலுமினியமோ, அது நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் கசியும். முதல் நான்கு சுற்று விரலால் மட்டும், பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். பல பிக்கப்களில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உன் வண்டிக்குக் கையேட்டில் உள்ளதே கணக்கு. காந்தம் உள்ள பிளக் கீழேதான் போக வேண்டும், மாற்றிவிடாதே.

ஊற்றுவதற்குக் கைப்பம்பு வாங்கிக்கொள், அல்லது புனலில் நீளக் குழாயைச் செருகி மேலிருந்து இறக்கு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் கேனைக் கால் மணி நேரம் வெந்நீரில் வை. பின் டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக 2 முதல் 3 லிட்டர், கியர்பாக்ஸுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. நான்கு சக்கர இழுவை இருந்தால் முன் டிஃபரன்ஷியலுக்கு 1 முதல் 2 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை முன்சக்கரங்களுக்கும் அனுப்பும் பெட்டி) ஒன்றரை லிட்டருக்குள். அதற்கு எந்த எண்ணெய் என்பதைத் தனியாகப் பார். எண்ணெய் துளை விளிம்பில் வழிந்ததும் பிளக்கைப் போட்டுவிடாதே. பத்து நிமிடம் பொறு. ஆக்சில் குழாய்களுக்குள் கொஞ்சம் ஓடி மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றி, வழிவது சொட்டாகக் குறைந்த பிறகு மூடு. குறைந்தால் முதலில் காய்வது பினியனின் முன் பேரிங், கிரவுன் வீல் வாரி இறைக்கும் எண்ணெயை நம்பித்தான் அது வாழ்கிறது. கூடினால் நுரைத்து, பிரீதர் வழியாகத் தள்ளும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பிளக்கையும் விரலால் தடவிப் பார். மறுநாளும் ஒருமுறை பார். அடியில் இருக்கும்போதே, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸுக்கும் கிரீஸ் அடித்துவிடு. இனி 40,000 முதல் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும், பாரம் இழுத்தால் அதற்கு முன்பே. தண்ணீரில் ஆக்சில் மூழ்க இறங்கினால் கிலோமீட்டர் பார்க்காதே, அந்த வாரமே திறந்து பார்.

அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல். வருவதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே

பி.கு.: வண்டி வேகம் பிடிக்கும்போது 'ஙொய்' என்று இரைகிறது என்றும் எழுதியிருந்தாய். ஆக்சிலரேட்டரை விட்டதும் அந்தச் சத்தம் மாறினால் கிரவுன், பினியன் பக்கம் பார்க்க வேண்டும். மாறாமல் ஒரே சீராக உறுமினால் பேரிங். அதனால் ஞாயிறு அன்று காந்தப் பிளக்கைத் துடைப்பதற்கு முன் படம் எடுத்து அனுப்பு.