ஷெரியைத் தள்ளிவைக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஸ்பெயின் பயணக் கட்டுரையில், தபாஸ் என்ற சின்னத் தட்டுத் தீனிகளோடு ஷெரி முதலான ஒயின்களை ருசி பார்க்கும் சுற்றைப் பற்றி எழுதும்போது, "ஷெரி வெறும் தித்திப்பு, கேக்கில் ஊற்றத்தான் லாயக்கு. அந்த கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு நேராக ரியோஹா ஒயினுக்குப் போய்விடுங்கள்" என்று ஒரு வரி வருகிறது. செவில்லாவில் குடித்தனம் நடத்தும் எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. ஹெரெஸ், சான்லூக்கர், எல் புவெர்த்தோ ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றியுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சைதான் ஃபினோ என்ற ஷெரியாகிறது. அதில் தித்திப்பு என்பதே கிடையாது. பீப்பாயில் ஆறில் ஒரு பங்கைக் காலியாக விடுவார்கள். ஒயினின் மேலே ஈஸ்ட் ஆடைபோலப் படர்ந்து, காற்று படாமல் காக்கும். தித்திப்பு வேண்டுமென்றால், வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் பேத்ரோ ஹிமெனெஸ் என்ற ஷெரி தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் வாசகர் எதை நம்புவார்?

சித்தப்பாவும் சித்தியும் இங்கே வந்திருந்தபோது அவர்களை ஒரு தபாஸ் சுற்றுக்கு அழைத்துப்போனேன். எப்போதோ திறந்த ஃபினோ பாட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் வெயில் படும்படி நின்றது. ஏழெட்டு டிகிரி குளிரில் கொடுக்க வேண்டியதை வழிகாட்டி வெதுவெதுப்பாகவே ஊற்றினார். எல்லாரும் முகம் சுளித்தார்கள். "இது கிழவர்கள் குடிப்பது, வாங்க அடுத்ததுக்குப் போகலாம்" என்று அவரே சொல்லிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்பவர்களுக்கு உங்கள் கட்டுரை துணை போகிறது, அதுதான் வருத்தம்.

மறுநாளே இருவரையும் ஹெரெஸுக்குக் கூட்டிப்போனேன். உயரமான கூரை போட்ட போதேகாவில், அதாவது ஒயின் கிடங்கில், நீண்ட கம்பியின் முனையில் சின்னக் குவளை பொருத்திய வெனென்சியாவை ஒருவர் பீப்பாய்க்குள் நேராக இறக்கினார். ஆடை அதிகம் கலையாமல் முகந்து, தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாஸில் சன்னமாக ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கூடவே உப்புப் போட்டு வறுத்த பாதாமும் ஆலிவும் வந்தன. முந்தின நாள் முகம் சுளித்த சித்தப்பா இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினார். நாங்கள் போனது ரயிலில். ஒரு மணி நேரச் சொச்சம்தான். உங்கள் கட்டுரையோ வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போதேகா போதேகாவாகச் சுற்றச் சொல்கிறது. ஃபினோவில் 15 சதவீதம் ஆல்கஹால். குடித்துவிட்டு ஓட்டச் சொல்லலாமா?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஓர் இதழில், ஸ்பெயினில் தபாஸ் எங்கும் இலவசம் என்று போட்டிருந்தீர்கள். கிரனாதாவில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு சும்மா வரும், சரி. செவில்லாவில் தட்டுக்குக் காசு. உங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர் ஒருவர் இங்கே சர்வரிடம் வாதாட, நடுவில் நான் போய் நிற்க வேண்டியதாயிற்று. சைவக்காரர்கள் 'வெஜிடல்' சாண்ட்விச்சைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இன்னொரு முறை வந்தது. அதில் டூனா மீனும் முட்டையும் வைப்பது இங்கே சர்வசாதாரணம். சித்தி அதை ஒரு கடி கடித்துவிட்டு அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தக்காளியில் செய்யும் சல்மொரேஹோவின் மேலும் பன்றித்தொடைத் துணுக்கும் முட்டையும் தூவித்தான் தருவார்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்வது செவில்லாவின் சொந்தத் தபாஸ், சித்தி விரும்பிச் சாப்பிட்டது. அதைப் பற்றி உங்கள் பக்கங்களில் ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்போதே எழுதினேன். பதிலும் வரவில்லை, என் கடிதம் இதழிலும் வரவில்லை. பெரிய பத்திரிகை, வேலை அதிகம் இருக்கும், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போட்டால் போதும்: ஃபினோவும் மன்சானியா என்ற ஷெரியும் தித்திக்காது, குளிரக் கேட்டு வாங்குங்கள்; சைவர்கள் இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாமென்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
செவில்லா, ஸ்பெயின்