ஒரு பிளக்கில் பிடித்த பச்சைக்கு இரண்டு மாத உழைப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாக் கடற்கரையில் மச்சானோடு சேர்ந்து, கடலில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓட்டுகிற ஜெட் ஸ்கீ இரண்டு வாடகைக்கு விடுகிறேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில்தான் எங்களுக்கு உழைப்பு, மாரி தொடங்கினால் கரையேற்றி மூடி வைக்க வேண்டியதுதான். போன சீசனில், ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து ஒன்று கரைச்சல் கொடுத்தது. பெற்றோல் கூடக் குடித்தது, வேகம் எடுக்கவில்லை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. "கம்பியூட்டர் போயிட்டு, புதுசுதான் போட வேணும்" என்றார்கள் ஒரு கராஜில், இஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் என்று கணக்குப் பார்க்கிற பெட்டியைத்தான் கம்பியூட்டர் என்கிறார்கள். சொன்ன விலை எங்கள் இரண்டு மாத உழைப்பு.

நல்லகாலம், வாழைச்சேனையில் போட் இஞ்சின் திருத்துகிற அண்ணன் ஒருவரிடம் காட்டினோம். அவர் முதலில் இழுத்துப் பார்த்தது காற்று உள்ளே போகிற வழியில் சுண்டுவிரல் அளவில் இருக்கிற வெப்பநிலை சென்சரின் பிளக்கைத்தான். உள்ளே இரண்டு பின், அதில் ஒன்று உப்புக்காற்றில் பச்சை பிடித்துப்போய் இருந்தது. சென்சரின் மின்தடையை மட்டும் மீற்றரில் அளந்தார், 1,700 ஓம் அளவு காட்டியது, 30 பாகைச் சூட்டுக்கு அது சரியான கணக்கு. பிளக்கைத் திரும்ப மாட்டி, கம்பியூட்டர் பக்கத்தைக் கழற்றிவிட்டு வயரின் அந்த முனையில் அளந்தால் 9,000ஐத் தாண்டியது! குளிர் கூடக் கூட இந்தச் சென்சரின் தடையும் கூடும், 9,000 ஓம் என்றால் சைபருக்குக் கீழே 10 பாகை. குளிர்ந்த காற்றில் ஒட்சிசன் கூட இருக்கும் என்று நம்பி, கம்பியூட்டர் பாசிக்குடா வெயிலில் பெற்றோலைக் கூட்டி ஊற்றியிருக்கிறது. காரில் என்றால் புகைக்குழாயில் இருக்கிற ஒட்சிசன் சென்சர் இந்தப் பிழையைப் பிடித்துத் திருத்தும். ஜெட் ஸ்கீயில் புகைக்குழாய்க்குள்ளேயே தண்ணீரை விட்டுக் குளிரவைப்பதால் பெரும்பாலும் அது இல்லை.

வெயில் ஊரில் இந்தச் சென்சர் எதற்கு என்று கேட்கலாம். சீ-டூ ஜெட் ஸ்கீ செய்கிற கனடா நிறுவனம்தான் ஸ்கீ-டூ பனிவண்டியும், கரடுமுரடான தரையில் ஓடுகிற கான்-ஆம் ஏடிவி நான்கு சில்லு வண்டியும் செய்கிறது. அங்கே மைனஸ் 20 பாகையில் காற்று நம் 30 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய 20 வீதம் அடர்த்தி, அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டிக் குறைக்க இந்தச் சென்சர் வேண்டும். நமக்குப் பகை பனி இல்லை, உப்பு.

கன்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பிளக்குக்குள் சிலிக்கன் கிரீஸ் தடவினார், அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்றைக்குப் பின்நேரமே வண்டி கடலில்.

அந்தக் கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய இஞ்சின்களில் பெற்றோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற கைகள் இங்கே எத்தனையோ இருக்கின்றன, ஆனால் இப்போது வருகிற மோட்டார் சைக்கிளிலும் மீன்பிடிப் படகின் போர்-ஸ்ரோக் இஞ்சினிலும்கூட இந்தச் சென்சர்கள் வந்துவிட்டன, புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில், அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிற தொழிற்பயிற்சி நிலையங்கள் வேலை செய்கிற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஒரு வகுப்பு வைக்கட்டும். மீற்றரைக் கையில் கொடுத்து, கம்பியூட்டர் சென்சருக்கு அனுப்புகிற ஐந்து வோல்ட் எங்கே வரவேண்டும், எத்தனை பாகைக்கு எத்தனை ஓம் என்று அளக்கப் பழக்கினாலே போதும்.

அந்தப் பச்சை பிடித்த பின்னை பிறகு மாற்றிவிட்டோம், பழையதை எறியவில்லை. வகுப்பு வைத்தால் காட்டுவதற்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஜெட் ஸ்கீ உரிமையாளர் ஒருவர்,
கல்குடா.