ஃபெல்ட் கழுவ இன்னும் காஸ்டிக்தானா? எங்கள் காகித ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

போன ஷட்டவுனில், மெஷினை நிறுத்திவிட்டு ஃபெல்ட்டை (ஈரக் காகிதத்தைப் பிழிய ரோலில் ஓடும் தடித்த துணி) காஸ்டிக் சோடா போட்டுக் கழுவும்போது நம் பையன் ஒருவனுக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். மறுநாளே ‘கையுறை கட்டாயம்’ என்று நோட்டீஸ் ஒட்டினீர்கள், சரி. ஆனால் அந்தப் பையன் கையுறை போட்டுத்தான் இருந்தான். ரோலுக்கு அடியில் குனிந்து ஹோஸ் பிடித்தபோது காஸ்டிக் தண்ணீர் மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. முதலில் எரியவே இல்லையாம், சோப்பு போட்ட மாதிரி வழுவழுவென்றுதான் இருந்ததாம். எரிச்சல் தெரிந்து கழற்றுவதற்குள் தோல் வெந்துவிட்டது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். காஸ்டிக்கை விட்டுவிட்டு ஒரு தடவை என்சைம் (அழுக்கை உடைக்கிற ஒரு வகைப் புரதம்) போட்டுக் கழுவிப் பாருங்கள்.

நமக்கு வருவது கழிவு அட்டை. காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளிலிருந்து பலகாரம் போன பெட்டி, டேப் சுற்றிய பார்சல் பெட்டி எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. அதிலுள்ள ஸ்டார்ச்சும் எண்ணெயும் பசையும் ஃபெல்ட்டின் கண்ணை அடைக்கின்றன. ஸ்டார்ச்சை அமிலேஸ் என்ற என்சைம் உடைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை லிப்பேஸ், பசையில் சில வகைகளை எஸ்டரேஸ். வெதுவெதுப்பான தண்ணீரே போதும், தோலை வேகவைக்கிற காரம் தேவையில்லை. ஜப்பான் ஆலைகளில் மரப்பிசினுக்கு 1990களிலேயே லிப்பேஸ் போட ஆரம்பித்துவிட்டார்கள். சுண்ணாம்பும் களிமண்ணும் அடைத்திருந்தால் என்சைம் உதவாது, ஊறவும் நேரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நேரம் மிச்சமாகிறது என்று எங்கள் கையை வேகவைப்பது என்ன கணக்கு?

வரவேற்பறையில் விருதுப் படம் மாட்ட ஒரே நாளில் ஆள் வந்தது. கண் கழுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிக் கொடுத்ததற்கு மட்டும் பிளம்பர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. செட்டிநாட்டில் பிளம்பருக்கா பஞ்சம்!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அடுத்த ஷட்டவுனில் எப்படியும் கழற்றப்போகிற பழைய ஃபெல்ட் ஒன்று இருக்கிறதே, அதில் முதலில் என்சைம் போட்டுப் பார்க்கலாம், கெட்டாலும் நஷ்டமில்லை. தூளாக வாங்க வேண்டாம், மூச்சில் போனால் அலர்ஜி வரும், திரவமாகவே வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி துறை இருக்கிறது, ஒரு போன் போட்டுக் கேட்கலாம். தேதியை மட்டும் தயவுசெய்து நோட்டீஸ் போர்டில் போடுங்கள், கழுவுவதற்கு நாங்களே வருகிறோம். அப்புறம், அதற்கு முன்னால் அந்தக் குழாயில் தண்ணீர் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பிரஸ் பகுதித் தொழிலாளி ஒருவன்