பிளக்கவும் சொல்லிக்கொடுங்கள்

மலையகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘கேட்’ (CAD, கணினியில் உருவம் வரைதல்) படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஹட்டனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோலர், ட்ரையர் என்று தேய்ந்துபோகும் சாமான்களுக்கு மாற்று செய்துகொடுப்பதுதான் வேலை. உங்களிடம் படித்த பிள்ளைகள்தான் என் கணினியில் உட்காருகிறார்கள். கெட்டிக்காரர்கள். ஸ்கெட்ச் போட்டு, அதை எக்ஸ்ட்ரூட் பண்ணிப் பருமன் கொடுத்து, அரை மணித்தியாலத்தில் முழு உருவத்தையும் கொண்டுவந்துவிடுவார்கள். அதை இரண்டாகப் பிளக்கச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது.

போன வருடம் ஒரு பெயாரிங் ஹவுசிங், அதாவது பெயாரிங் உட்காரும் கூடு, வார்க்க வேண்டியிருந்தது. 300 மி.மீ. நீளம். மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி உருவைத்தான் பட்டர்ன் என்போம். மணல் பெட்டியிலிருந்து அதை உருவி எடுக்க வேண்டுமே, அதனால் அது இரண்டு பாதியாக வேண்டும். தம்பி மேல் பாதியை ஒரு கோப்பிலும் கீழ்ப் பாதியை இன்னொரு கோப்பிலும் தனித்தனியாக வரைந்தார். திரையில் அச்சொட்டாக இருந்தன. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவில் சுருங்கும் என்பதால் பட்டர்னை அந்த அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும். மேல் பாதியைப் பெருப்பித்தவர் கீழ்ப் பாதியை மறந்துவிட்டார். வார்த்து வந்ததைப் பார்த்தால் ஒரு முனை சரி, மறுமுனையில் 3 மி.மீ. படி. விரலை ஓட்டினால் தடக்கென்று நிற்கும். பட்டர்னைக் கையில் வாங்கியபோதே நான் சேர்த்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அது என் பிழை. ஆனால் ஒரே உடலாக வரைந்து கடைசியில் பிளந்திருந்தால் மறப்பதற்கே இடமில்லை.

இது பெரிய வித்தையும் இல்லை. சொலிட்வேர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் ‘ஸ்பிளிட்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது: ஒரு தளத்தைக் காட்டினால் அது உடலை வெட்டும், ஒவ்வொரு துண்டையும் தனிக் கோப்பாகவும் சேமிக்கலாம். பிளப்பதற்கு முன்னால் இருக்கும் அளவை மாற்றினால் துண்டுகளும் மாறும். பிளந்த பிறகு மூலக்கோப்பில் சேர்ப்பது அந்தத் தனிக் கோப்புகளுக்குப் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன் லைசன்ஸ் காசு எங்களைப் போன்ற பட்டறைக்குக் கட்டாது. நான் பாவிப்பது இலவசமான ஃப்ரீகேட். அதில் பார்ட் டிசைன் பக்கத்தில் ஓர் உடல் ஒரே தொடர்ச்சியான திண்மமாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. குறுக்கே வெட்டினால் பிழை காட்டும், பிள்ளைகள் பயந்து விட்டுவிடுவார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்த விதியைத் தளர்த்த வழி உண்டு. ஆனால் பார்ட் பக்கத்துக்குப் போய் உடலையும் வெட்டும் தளத்தையும் தெரிவுசெய்து ‘ஸ்லைஸ் அபார்ட்’ கொடுப்பதுதான் எனக்கு லேசு.

வரிசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பட்டர்ன் மணலிலிருந்து லேசாக உருவி வரப் பக்கங்களுக்குக் கொடுக்கும் சரிவு முதலில். அப்புறம் சுருக்கத்துக்கான பெருப்பம். இரண்டு பாதியையும் பொருத்தும் குச்சிக்கு, பிரிக்கும் தளத்திலேயே ஒரு வட்டம் வரைந்து மேலும் கீழுமாக உள்ளே துளை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்டு. அப்படிச் செய்தால் இரண்டு பாதியிலும் துளை தானாக நேருக்கு நேர் வந்து நிற்கும். குச்சி இறுகாமல் போக 0.2 மி.மீ. கூட வைக்கச் சொல்லுங்கள். த்ரீடி பிரின்டரில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்: 220 மி.மீ. மேசையில் 300 மி.மீ. பட்டர்னை நேராக வைக்க முடியாது, நீளத்தைக் குறைக்கக் குறுக்கேயும் துண்டு போட வேண்டும்.

பரீட்சையில் ஒரேயொரு கேள்வி இப்படி வையுங்கள்: உருவத்தைப் பிளந்து காட்டு, பிறகு மூலத்தில் ஓர் அளவை மாற்று, இரண்டு பாதியும் மாறுகிறதா பார். பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிவந்தாலும் சந்தோசம். அந்த ஹவுசிங் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, மழைக்குக் கதவை முட்டுக்கொடுக்க.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்